விடிய விடிய ஓடும் கல்யாண கேசட்

வைகாசி முகூர்த்தம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மதுரை விளாங்குடியில் ஒரு வீடு. அக்கா கல்யாண வீடியோவை டிஸ்கில் போட்டுச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கும் பொறுப்பு, காலேஜில் படிக்கும் தம்பியின் தலையில். ஸ்டுடியோக்காரர் பென்டிரைவில் தந்த மூன்று மணி நேர வீடியோவை லேப்டாப்பில் ஏற்றி, டிவிடி செய்யும் மென்பொருளைத் திறந்து, ‘பர்ன்’ பொத்தானை அமுக்கிவிட்டு அவன் படுக்கப் போனான். காலை ஏழு மணிக்கு உசிலம்பட்டியிலிருந்து தாய்மாமன் போன்.

“என்ன மாப்ள, கேசட்டு ரெடியாயிருச்சா?”

“இல்ல மாமா. ராத்திரி பத்து மணிக்குப் போட்டது, இன்னும் நாப்பது பெர்சன்ட்தான் ஆயிருக்கு.”

“ஒரு தட்டுல ஏத்துறதுக்கு இம்புட்டு நேரமா? ரைட்டர் கெட்டுப்போச்சோ என்னமோ. வேற ஒண்ணு வாங்கிப் போடுப்பா.”

மாமா சொன்னபடி அவன் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு பஸ் ஏறி, மீனாட்சி பஜாரில் புது ரைட்டர் வாங்கி வந்தாலும் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது. அந்த ஒன்பது மணி நேரத்தில் டிஸ்கில் ஒரு எழுத்துகூட ஏறவில்லை. ரைட்டரின் முகப்பில் கடுகளவு ஒரு விளக்கு இருக்கும். டிஸ்கில் எழுதும்போது அது எரியும், அல்லது விட்டுவிட்டு மின்னும். அதைக் குனிந்து பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். திரையில் சதவிகிதம் நகர்கிறது, விளக்கு அணைந்து கிடக்கிறது என்றால் நடப்பது டிஸ்கில் எழுதும் ‘பர்ன்’ அல்ல, வீடியோவை டிவிடி வடிவத்துக்கு மாற்றும் ‘கன்வெர்ட்’. ஒரே பொத்தானுக்குள் இரண்டு வேலைகளையும் ஒளித்து வைத்திருப்பதுதான் இந்த மென்பொருள்களால் வரும் முதல் குழப்பம்.

கண்மாயில் எவ்வளவு தண்ணீர் கிடந்தாலும் மடை திறந்த அளவுக்குத்தான் வாய்க்காலில் வரும். லேப்டாப்பும் அப்படியே. வீடியோவைப் படிப்பது, மாற்றுவது, டிஸ்கில் எழுதுவது என்ற மூன்று வேலைகளில் எது மெதுவோ அதன் வேகம்தான் மொத்த வேகம். அந்த ஒன்றைக் கண்டுபிடிக்காமல் செய்யும் செலவு எல்லாம் வேறு மடையைத் திறந்துவிடுவது போலத்தான். ஆகவே, எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பார்ப்பதற்காகவே இந்த அத்தியாயம்.

டிவிடிதான் வேண்டுமா?

டிஸ்கைப் பார்க்கப் போகிறவர் வீட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். டிவியில் பென்டிரைவ் சொருகும் இடம் இருந்து, ஸ்டுடியோ தந்த எம்பி4 கோப்பு அதில் ஓடினால் மாற்றவே வேண்டாம். பென்டிரைவில் நகல் எடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. டிஸ்காகவே வேண்டும், ஆனால் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்வார்கள் என்றால் கோப்பை அப்படியே ‘டேட்டா டிஸ்க்’ ஆக எழுதிவிடலாம். அதற்கும் கன்வெர்ட் தேவையில்லை.

பழைய டிவிடி பிளேயர் வைத்திருக்கும் பெரியவர்களுக்குத்தான் முறையான டிவிடி வேண்டும். தமிழ்நாட்டு வீடுகளில் அந்தப் பிளேயர்கள் பெருகியதற்குக் காரணம் உண்டு. 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் தமிழ்ப் படங்களின் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. தியேட்டர் டிக்கெட் விலையில் படமே சொந்தமாகக் கிடைத்த காலம் அது. அந்த நிறுவனத்தையே 2018-ல் கலைக்கச் சொல்லித் தீர்ப்பாயம் உத்தரவிட்டுவிட்டது. ஆனாலும் அன்று வாங்கிய பிளேயர்கள் பல வீடுகளில் டிவிக்கு அடியில் இன்னும் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்கான டிவிடியை எம்பெக்-2 என்ற வடிவத்தில் செய்ய வேண்டும். நம் நாட்டு ‘பால்’ முறைப்படி 720-க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 பிரேம்.

இந்த எண்களில்தான் கன்வெர்ட் ஏன் இழுக்கிறது என்பதற்கான முதல் விடை இருக்கிறது. 720-ஐ 576-ஆல் பெருக்கினால் 4,14,720 புள்ளிகள். ஃபுல் எச்டி பிரேம் ஒன்றில் இருப்பது இதைப்போல் சரியாக 5 மடங்கு. செல்போனில் எடுத்த 4கே பிரேமில் சரியாக 20 மடங்கு. 4கே வீடியோவை டிவிடி ஆக்கும்போது லேப்டாப் 20 புள்ளிகளை விரித்துப் படித்து, அவற்றைக் கலந்து ஒரு புள்ளியாக்கி எழுதுகிறது. எம்பெக்-2 எழுதுவது இன்றைய கணினிக்கு இலேசான வேலைதான், பாரமெல்லாம் படிப்பதில் இருக்கிறது. 2017-க்குப் பிறகு வந்த ஐபோன்களும், அண்மைக்கால ஆண்ட்ராய்டு போன்கள் பலவும் எச்இவிசி என்ற இன்னும் நெருக்கமான முறையில் சுருக்கி வைக்கின்றன. அதை விரிக்கத் தனிச் சுற்று இல்லாத பழைய சிப்பில் பிராசசர்தான் முழு எடையையும் இழுக்க வேண்டும்.

எனவே முகூர்த்தத்துக்கு முன்பே சொல்லி வைப்பது நல்லது. கடைசியில் டிவிடிதான் வேண்டும் என்றால், போனில் எடுக்கும் தம்பி தங்கைகளிடம் 1080-ல் வைத்து எடுக்கச் சொன்னால் போதும். படம் டிவிடியில் ஒரே மாதிரிதான் தெரியும். விரித்துப் படிக்க வேண்டியது நான்கில் ஒரு பங்காகிவிடும்.

டாஸ்க் மேனேஜர் சொல்லும் சேதி

கன்வெர்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தைப் பத்து நிமிடம் பொறுமையாகப் பார்ப்பது, கடைக்காரர் பத்துப் பேரிடம் கேட்பதைவிடப் பலன் தரும்.

சிபியூ 100 சதவிகிதத்தில் நிற்கிறது, கீழே காட்டும் வேகமும் 2.5 அல்லது 3 கிகாஹெர்ட்ஸ் என்று நிமிர்ந்து நிற்கிறது என்றால் இயந்திரம் ஒழுங்காக உழைக்கிறது. செட்டிங்கில்தான் எதையாவது குறைக்க வேண்டும். அதே 100 சதவிகிதம், ஆனால் வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸ் என்றால் சூடு அல்லது கரன்ட் பிரச்சினை. சிபியூ 20, 30-ல் கிடக்க, டிஸ்க் 100-ல் நின்றால் ஹார்ட் டிஸ்க் மூச்சு வாங்குகிறது. நான்கு த்ரெட் உள்ள பிராசசரில் சிபியூ 25 சதவிகிதத்திலேயே ஆணி அடித்த மாதிரி நின்று, டிஸ்கும் சும்மா இருந்தால் மென்பொருள் ஒரே ஒரு த்ரெட்டைத்தான் பயன்படுத்துகிறது என்று பொருள். நான்கு மாட்டில் ஒன்றை மட்டும் பூட்டி உழுவது போன்ற நிலை. பழைய கன்வெர்ட்டர்களில் இது சகஜம். அப்போது மட்டும் மென்பொருளை மாற்றினால் பெரிய வித்தியாசம் தெரியும்.

மற்ற நேரங்களில் மென்பொருளை மாற்றி மாற்றி இறக்கிப் பார்ப்பதில் பயனில்லை. இலவசமாகக் கிடைக்கும் கன்வெர்ட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குள் ஓடுவது எஃப்எஃப்எம்பெக் என்ற ஒரே எஞ்சின். ஃபாப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சு நிரலாளர் 2000-ல் தொடங்கிவைத்தது. மேலே இருக்கும் பெயரும் நிறமும்தான் மாறும்.

சூடு

மதுரையில் லேப்டாப் மெதுவாகப் போவதற்குச் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் வெயில். கல்யாணங்கள் குவிவது சித்திரை, வைகாசியில். அழகர் ஆற்றில் இறங்கும் நாள்களையும் அக்னி நட்சத்திரத்தையும் ஒட்டி, வெளியே 40 டிகிரியைத் தொடும் காலம் அது. கன்வெர்ட் வேலை மிக அதிகமாக வருவதும், லேப்டாப் விசிறிக்குக் குளிர்ந்த காற்று கிடைக்காததும் ஒரே மாதத்தில் வந்து சேர்கின்றன.

இன்டெல் பிராசசர்கள் பலவற்றுக்கு 100 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. அதை நெருங்கியதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏசி அறையில் 25 டிகிரிக் காற்றை உள்ளே இழுக்கும் லேப்டாப்புக்கும், ஓட்டு வீட்டு மாடியில் 40 டிகிரிக் காற்றை இழுக்கும் லேப்டாப்புக்கும் 15 டிகிரி வித்தியாசம். அந்த 15 டிகிரிதான் சில நேரம் முழு வேகத்துக்கும் பாதி வேகத்துக்கும் இடையிலான தூரம். ஹெச்டபிள்யூஇன்ஃபோ, கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையைப் பார்க்கலாம். கன்வெர்ட் தொடங்கி ஐந்து நிமிடத்தில் 95-ஐத் தாண்டி, உடனே கிகாஹெர்ட்ஸ் சரிந்தால் நோய் இதுதான்.

மருந்து எளியது. லேப்டாப்பை மெத்தை, தலையணை, மடி மேல் வைத்து ஓட்டவே கூடாது, அடிப்பக்கத்துக் காற்றுத் துளை அடைபடும். மேசையில் வைத்து, பின்பக்கம் இரண்டு மூலைகளிலும் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை முட்டுக் கொடுத்தாலே காற்று உள்ளே போக வழி கிடைக்கும். டேபிள் ஃபேனைப் பக்கவாட்டில் வைத்தால் இன்னும் நல்லது. விளாங்குடியை ஒட்டி ஓடும் திண்டுக்கல் சாலையின் லாரிப் புழுதி, கதவைச் சாத்தினாலும் வீட்டுக்குள் வரும். இரண்டு வருடம் திறக்காத லேப்டாப்பின் விசிறிக்குப் பின்னால், வெப்பத்தை வெளியேற்றும் தகடுகளின் மேல் அந்தத் தூசி பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் விசிறி சுற்றுவது கேட்கும், ஆனால் துளையில் கையை வைத்தால் காற்று வராது. சர்வீஸ் கடையில் ப்ளோயர் வைத்து ஊதிச் சுத்தம் செய்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றித் தருவார்கள். வீட்டிலேயே ஊதுகிறவர்கள் விசிறி இறக்கை சுற்றாதபடி ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றி பேரிங் கெடும்.

இன்னொரு வழி விண்டோஸின் பவர் ஆப்ஷனிலேயே இருக்கிறது. ‘மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்’ என்ற இடத்தில் 100-ஐ 99 ஆக்கினால் பிராசசர் ‘டர்போ’ வேகத்துக்குத் தாவுவதை நிறுத்திவிடும். கேட்க முரணாகத் தோன்றும். ஆனால் எகிறிப் போய்ச் சூடாகி, விழுந்து, மறுபடி எகிறும் லேப்டாப்பைவிட ஒரே சீராக நடக்கும் லேப்டாப் மூன்று மணி நேர வேலையை முந்தி முடிப்பதும் உண்டு. பத்து நிமிடம் அப்படியும் பத்து நிமிடம் இப்படியும் ஓட்டி, எதில் அதிக பிரேம் முடிந்தது என்று பார்த்து முடிவு செய்யலாம்.

கரன்ட் பிரச்சினையும் இதே அறிகுறியைத்தான் காட்டும். சார்ஜர் சொருகாமல் பேட்டரியில் ஓட்டினால் வேகம் குறைவது இயல்பு. பலரும் கவனிக்காதது, சார்ஜர் சொருகியிருந்தும் குறைவது. 65 வாட் கேட்கும் லேப்டாப்பில் 45 வாட் சார்ஜரையோ, ஒரிஜினல் அல்லாத சார்ஜரையோ போட்டால், சில நிறுவனங்களின் லேப்டாப் அதை அடையாளம் தெரியாத சார்ஜர் என்று முடிவுகட்டி, பிராசசரை மிகக் குறைந்த வேகத்தில் பிடித்து வைத்துவிடும். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் இது நடக்கலாம். சார்ஜரின் முதுகில் அச்சடித்திருக்கும் வாட் எண்ணையும், லேப்டாப்பின் அடியில் கேட்கும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

எஸ்எஸ்டி போட்டால் சரியாகுமா?

கடைகளில் பொதுவாகச் சொல்லும் யோசனை, “எஸ்எஸ்டி போட்டுருங்கண்ணே, பறக்கும்” என்பது. விண்டோஸ் திறக்கவும் பிரௌசர் திறக்கவும் அது முழு உண்மை. கன்வெர்ட்டுக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. கணக்கைப் பாருங்கள். பழைய வீடியோ கேமராக்களின் மினிடிவி கேசட்டிலிருந்து எடுத்த வீடியோ ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி. நொடிக்கு 3.6 எம்பி. அதிலிருந்து எழுதப்படும் டிவிடிப் படமோ அதிகபட்சம் நொடிக்கு ஒன்றேகால் எம்பி. நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் சாதாரண லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கூடத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது நொடிக்கு 80 எம்பிக்கு மேல் தரும். கேட்பது ஐந்து, கொடுக்க முடிவது எண்பது. இதில் எஸ்எஸ்டி போட்டு நொடிக்கு 500 ஆக்கினாலும் பிராசசருக்கு ஒரு பிரேம்கூடக் கூடுதலாக ஓடாது.

ஹார்ட் டிஸ்க் தடையாவது வேறு காரணங்களால்: பின்னால் விண்டோஸ் அப்டேட் இறங்குவது, ஆன்ட்டிவைரஸ் ஒவ்வொரு கோப்பையும் மோப்பம் பிடிப்பது, 2 அல்லது 4 ஜிபி ராம் நிரம்பி வழிந்து டிஸ்கையே ராமாகப் பயன்படுத்துவது, அல்லது டிஸ்கிலேயே பழுதான இடங்கள் தோன்றியிருப்பது. கடைசிக் காரணம் என்றால் கன்வெர்ட்டை நிறுத்திவிட்டு முதலில் கல்யாண வீடியோவை வேறிடத்துக்கு நகல் எடுக்க வேண்டும். வேகம் அப்புறம்.

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில் தொடங்கிய திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கிடைத்தது. மதுரை வீடுகளில் அவற்றில் பல இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஒரு தலைமுறைக்கே முதல் கணினியைக் கையில் கொடுத்த இயந்திரங்கள் அவை. தூக்கிப் போடாமல் சரிசெய்து ஓட்டுவதுதான் அவற்றுக்குச் செய்யும் மரியாதை. ராமைக் கூட்டினால் அவற்றில் தெரியும் முன்னேற்றம் பெரியது. ஆனால் 2011 காலத்து பென்டியம், செலரான் சிப்களில், கோர் ஐ3 முதலியவற்றுக்கு அந்த ஆண்டு இன்டெல் தந்த க்விக் சிங்க் என்னும் வீடியோ மாற்றும் தனிச் சுற்று கிடையாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். அந்த லேப்டாப்பில் வேலையை இலேசாக்குவது ஒன்றுதான் வழி.

செட்டிங்கில் எதைக் குறைப்பது

விளாங்குடித் தம்பியின் கணக்கை இப்போது போட்டுப் பார்க்கலாம். மூன்று மணி நேரம், நொடிக்கு 25 பிரேம்: 2,70,000 பிரேம். அவன் தேர்ந்தெடுத்தது ‘டூ பாஸ்’. அதாவது படத்தை ஒருமுறை முழுக்க ஓட்டி ஆராய்ந்துவிட்டு, இரண்டாம் முறை எழுதுவது. ஆக 5,40,000 பிரேம். ஒன்பது மணி நேரத்தில் 40 சதவிகிதம் என்றால் முழு வேலைக்கு 22.5 மணி நேரம். நொடிக்கு ஏழு பிரேம்கூட முடியவில்லை.

டூ பாஸ் எதற்கு? ஒரு டிவிடியில் 4.7 ஜிபிதான் கொள்ளும். மூன்று மணி நேரத்தை அதில் திணித்தால் ஒலியும் சேர்த்து நொடிக்கு 3.5 மெகாபிட்தான் கிடைக்கும். அந்த நெருக்கடியில் டூ பாஸ் உதவும். ஆனாலும் மணமேடைப் பூ அலங்காரமும் பட்டுப்புடவையின் ஜரிகையும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். முகூர்த்தம் ஒரு டிஸ்க், வரவேற்பு ஒரு டிஸ்க் என்று ஒன்றரை மணி நேரமாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 6.9 மெகாபிட் வரை கிடைக்கும், 6.5 வைத்தால் இடம் பத்திரம். அந்த அளவில் ஒரு பாஸே நன்றாக இருக்கும். டிஸ்க் ஒன்று கூடுகிறது, நேரம் பாதியாகிறது, படமும் தெளிகிறது. இந்த ஒரு முடிவுக்கு இணையான வைத்தியம் வேறில்லை. இரட்டை அடுக்கு 8.5 ஜிபி டிஸ்க் என்று ஒன்று உண்டு. விலை கூடுதல், பழைய பிளேயர்கள் அடுக்கு மாறும் இடத்தில் திணறும். அதை நாட வேண்டாம்.

அடுத்தது ஃபில்டர். ‘டீநாய்ஸ்’ என்ற புள்ளி நீக்கும் வசதியை ஆசைக்கு டிக் செய்துவிட்டால் அது ஒன்றே வேகத்தைப் பல மடங்கு விழுங்கும். தேவையில்லாவிட்டால் எடுத்துவிட வேண்டும். டிவிடி அல்லாமல் எம்பி4 செய்கிறவர்கள் ஹேண்ட்பிரேக்கில் ‘ப்ரீசெட்’ வேகத்தை மீடியத்திலிருந்து வெரி ஃபாஸ்ட்டுக்கு நகர்த்தலாம். லேப்டாப்பில் வசதி இருந்தால் எச்.264 பட்டியலில் க்விக் சிங்க் அல்லது என்விடியா என்கோடரைத் தேர்ந்தெடுக்கலாம். பழைய சிப்களின் என்கோடர் தரத்தில் சற்றுப் பின்தங்கும் என்பதால் பிட்ரேட்டைக் கொஞ்சம் ஏற்றி வைப்பது நல்லது. முன்னும் பின்னும் வெட்டுவது மட்டும்தான் வேலை என்றால் கன்வெர்ட்டே வேண்டாம். லாஸ்லெஸ்கட் போன்ற மென்பொருள் படத்தை விரித்து மாற்றாமல் அப்படியே நறுக்கித் தரும், மணிக்கணக்கு நிமிடக்கணக்காகும்.

எந்த மாற்றத்தையும் முழு வீடியோவில் சோதிக்கக் கூடாது. ஒரே ஒரு நிமிடத்தை, அதாவது 1,500 பிரேமை, நறுக்கி எடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். 50 நொடியில் முடிந்தால் நொடிக்கு 30 பிரேம், அந்தக் கணக்கில் மூன்று மணி நேரப் படம் இரண்டரை மணி நேரத்தில் முடியும். நான்கு நிமிடம் எடுத்தால் எங்கோ இன்னும் அடைப்பு இருக்கிறது.

பழைய கேசட்டை மாற்றுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கேசட்டிலிருந்து லேப்டாப்புக்கு ஏற்றுவதை வேகப்படுத்தவே முடியாது. ஒரு மணி நேரக் கேசட் ஒரு மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும். அதில் பதிந்த படம் ‘இன்டர்லேஸ்’ முறையில் ஒன்றுவிட்டு ஒரு வரியாக இருக்கும். டிவிடியும் அதே முறையை ஏற்கும் என்பதால் ‘டீஇன்டர்லேஸ்’ செய்யத் தேவையில்லை. அதை அணைத்தால் நேரமும் மிச்சம், நாதஸ்வரக்காரரின் விரல் அசைவும் வழுக்கிக்கொண்டு இயல்பாகத் தெரியும். மினிடிவி என்றால் ‘பாட்டம் ஃபீல்ட் ஃபர்ஸ்ட்’ என்று வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் படம் முன்னும் பின்னும் உதறும். இந்த வேலையை இனியும் தள்ளிப்போட வேண்டாம். ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் விசிஆர் தயாரிப்பை நிறுத்தியது. சோனி 2025 பிப்ரவரியில் மினிடிவி கேசட்டுகளையும் எழுதக்கூடிய ப்ளூரே டிஸ்குகளையும் நிறுத்தியது. ஓட்டிப் பார்க்கும் கருவி கெட்டால் மாற்று கிடைப்பது ஆண்டுக்காண்டு அரிதாகிறது.

டிஸ்க் ஏறும் நேரம்

கன்வெர்ட் முடிந்ததும் நேராக டிஸ்குக்குப் போகாமல் ‘ஐஎஸ்ஓ’ கோப்பாக ஹார்ட் டிஸ்கில் சேமிக்க வேண்டும். டிவிடிஸ்டைலர் போன்றவற்றில் இந்த வசதி இருக்கிறது. இரண்டு வேலைகளும் பிரிந்துவிடும், எது மெதுவாகப் போகிறது என்ற குழப்பமே எழாது. உறவினர் பத்துப் பேருக்குப் பத்து டிஸ்க் வேண்டுமென்றாலும் கன்வெர்ட் ஒரே ஒருமுறைதான்.

டிவிடியில் 1 எக்ஸ் என்பது நொடிக்கு 1.385 எம்பி. நிறைந்த டிஸ்க் ஒன்று அந்த வேகத்தில் 57 நிமிடம் எடுக்கும், 4 எக்ஸில் 14 நிமிடம், 8 எக்ஸில் எட்டு முதல் பத்து. 14 நிமிடம் ஆகிறதே என்று கவலைப்பட ஒன்றுமில்லை. முக்கால் மணி நேரம் ஆனால்தான் கோளாறு.

இம்ஜ்பர்ன் மென்பொருளில் எழுதும்போது இரண்டு பட்டைகள் தெரியும். ஒன்று கணினியின் பஃபர், மற்றது ரைட்டரின் பஃபர். ரைட்டரின் பஃபர் பெரும்பாலும் 2 எம்பிதான். 8 எக்ஸ் வேகத்தில் அது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் காலியாகிவிடும். இந்தப் பட்டை ஏறி ஏறி இறங்கினால் தரவு போய்ச் சேருவதில் தடங்கல். பின்னால் ஓடும் மற்ற வேலைகளை நிறுத்த வேண்டும். வெளியே மாட்டும் ரைட்டர் என்றால் பல முனை கொண்ட ஹப்பில் சொருகாமல் லேப்டாப்பிலேயே நேராகச் சொருக வேண்டும். மிகப் பழைய யூஎஸ்பி 1.1 துளை 1 எக்ஸ் வேகத்துக்குக்கூடப் போதாது. எழுதும்போது லேசருக்கும் மோட்டாருக்கும் சேர்ந்து கேட்கும் கரன்ட், யூஎஸ்பி 2.0 தரும் 500 மில்லி ஆம்பியரைத் தாண்டும். இரண்டு முனை கொண்ட கேபிள் சில ரைட்டர்களோடு வருவது அதனால்தான். இரண்டையும் சொருக வேண்டும்.

பட்டை நிறைந்து அசையாமல் நிற்கிறது, ஆனாலும் வேகம் 1, 2 எக்ஸைத் தாண்டவில்லை என்றால் குற்றம் டிஸ்கில் அல்லது ரைட்டரில். ஒவ்வொரு காலி டிஸ்கிலும் அதைச் செய்த ஆலையின் குறியீடு பதிந்திருக்கும். ரைட்டர் அதைப் படித்து, தன் நினைவிலுள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, லேசரின் வலிமையை முடிவு செய்யும். பெயர் தெரியாத டிஸ்கைப் போட்டால் பயந்து பயந்து எழுதும். வேறு கம்பெனி டிஸ்க் ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான் மலிவான சோதனை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து லேப்டாப் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. ரைட்டரோடு பேசுவதில் ஆறு முறை தவறு நேர்ந்ததும் விண்டோஸ் அதை ‘டிஎம்ஏ’ முறையிலிருந்து ஆமை வேக ‘பிஐஓ’ முறைக்கு இறக்கிவிடும், தானாக மீண்டும் ஏற்றாது. டிவைஸ் மேனேஜரில் செகண்டரி ஐடிஇ சேனலை அன்இன்ஸ்டால் செய்து, லேப்டாப்பை அணைத்துத் திறந்தால் சரியாகிவிடும்.

எழுதத் தொடங்குமுன் அன்று உங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உண்டா என்று நாளிதழில் பார்த்துக்கொள்வது மதுரைக்காரர்களுக்குப் பழகிய ஒன்றுதான். 2012, 13 மின்வெட்டுக் காலத்தில் பாதியில் கரன்ட் போய் டிஸ்க் வீணாவதைத் தவிர்க்கப் பேட்டரி உள்ள லேப்டாப் எவ்வளவு உதவியது என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். ஆனால் பழைய பேட்டரி இருபது நிமிடமாவது தாங்குமா என்று முன்னரே சோதித்திருக்க வேண்டும். டிவிடி-ஆர் ஒருமுறை எழுதுவது. பாதியில் நின்றால் குப்பைதான்.

முதல் பிரதியை 4 எக்ஸில் எழுதி, மென்பொருளில் ‘வெரிஃபை’யும் டிக் செய்து வைக்க வேண்டும். டொராண்டோவில் இருக்கும் சித்திக்கு அனுப்ப வேண்டிய டிஸ்க் என்றால் பாலுக்குப் பதில் என்டிஎஸ்சி முறையில் தனியாக ஒரு ஐஎஸ்ஓ செய்ய வேண்டும். அங்கு விற்கும் பிளேயர்கள் பலவற்றில் பால் ஓடாது. லண்டன், கொழும்பு, சிங்கப்பூருக்கு நம் ஊர் டிஸ்கே போதும். டிஸ்கின் மேல் தாள் லேபிள் ஒட்டாமல், சிடி மார்க்கரால் தேதியையும் பெயரையும் எழுதலாம். ஒட்டிய தாள் ஒரு பக்கம் கனத்தால் சுழலும்போது ஆட்டம் வரும்.

பிறகு அதைக் கணினியில் அல்ல, வீட்டிலேயே பழசான பிளேயரில் போட வேண்டும். தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எடுத்துவிடக் கூடாது. டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படுவதால், தரம் குறைந்த டிஸ்கில் வெளி விளிம்பில்தான் முதலில் தவறு தோன்றும். முகூர்த்த டிஸ்கில் தாலி கட்டும் இடத்தையும், வரவேற்பு டிஸ்கில் கடைசி ஐந்து நிமிடத்தையும் ஓட விட்டுப் பார்க்க வேண்டும். மண்டபத்தில் விளக்குகள் அணைந்து, உசிலம்பட்டி மாமா பந்தியில் கடைசி ஆளாக உட்கார்ந்து சாப்பிடும் காட்சிவரை உறையாமல் ஓடினால் ஐஎஸ்ஓ நன்றாக இருக்கிறது. இன்னும் நான்கு டிஸ்க் வேண்டுமென்றால், ஒன்றுக்கு 14 நிமிடம். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் உறைக்குள் போய்விடும்.